உரிமம் புதுப்பிக்கும்போது மீண்டும் ஓட்டிக் காட்ட வேண்டுமா?

அல்சூர்க்காரன்:
சென்ற மாதம் பெங்களூரில் என் ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பித்தேன். 40 வயதைக் கடந்தவர்கள் 1ஏ படிவத்தில் மருத்துவச் சான்று தர வேண்டும் என்பது விதி. மருத்துவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் வயதைக் கேட்டார், முத்திரையைக் குத்தினார். சுவரில் தொங்கிய எழுத்துப் பலகையை நானாகவே படித்துப் பார்த்தேன். கடைசி இரண்டு வரிகள் கலங்கலாகத் தெரிந்தன. அதை அவரிடம் சொல்லாமல் வந்துவிட்டேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தின்படி, 30 வயதுக்குள் உரிமம் எடுப்பவருக்கு அது 40 வயது வரை செல்லும். 18 வயதில் ‘எட்டு’ போட்டுக் காட்டியவர், அதன்பின் 22 ஆண்டுகள் எவரிடமும் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. ஆகவே பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை கண்ணையும் ஓட்டும் திறனையும் சோதிக்க வேண்டும் என்கிறேன்.

ராமமூர்த்தி நகர்வாசி:
ஐயா, நோயை விட்டுவிட்டு வேறெதற்கோ மருந்து கேட்கிறீர்கள். 2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் நூற்றுக்கு 71 பேர் அதிவேகத்தால் இறந்ததாக மத்திய அரசின் அறிக்கையே கூறுகிறது. வெளிவட்டச் சாலையில் நள்ளிரவில் பறக்கிறவன் ஓட்டத் தெரியாமலா பறக்கிறான்? ஞானபாரதியில் உள்ள தானியங்கித் தேர்வுத் தளத்தில் அவனை நிறுத்தினால், கோட்டைத் தொடாமல் நம் இருவரையும்விட அழகாக ஓட்டிக் காட்டிவிட்டு, வெளியே வந்ததும் பழைய வேகத்தைப் பிடிப்பான். ஆனால் ஆட்டோ ஓட்டுபவருக்கோ ஒரு நாள் சம்பாத்தியம் போகும், தரகருக்கு இன்னொரு வரும்படி வரும்.

மர்ஃபி டவுன் அக்கா:
இருவரும் ஒன்றைக் கவனிக்கவில்லை. உரிமம் காலாவதியாகி ஓராண்டுக்குமேல் ஆகிவிட்டால் மீண்டும் ஓட்டுநர் தேர்வில் ஓட்டிக் காட்டித்தான் ஆக வேண்டும் என்று சட்டத்தில் ஏற்கெனவே இருக்கிறது. மறதிக்காரருக்குத் தேர்வு, கண் மங்கியவருக்கு முத்திரை! ஜப்பானில் 2022 மே முதல், 75 வயதை எட்டியவர்களில் குறிப்பிட்ட விதிமீறல்களில் சிக்கியவர்கள் மட்டும் ஓட்டிக் காட்டிய பிறகே புதுப்பிக்க முடியும். எல்லோரையும் வரிசையில் நிறுத்துவதைவிட இது பொருத்தமாகப் படுகிறது.

அல்சூர்க்காரன்:
விதிமீறலில் சிக்கியவரைச் சோதிப்பது சரியே. ஆனால் என்மீது இதுவரை ஓர் அபராதச் சீட்டுகூட இல்லை, அம்மா. பழைய மெட்ராஸ் சாலையில் இரவில் எதிர்ப்பக்க விளக்கு கண்ணில் பட்டால், குறுக்கே கடப்பவர் அருகில் வந்த பிறகுதான் எனக்குத் தெரிகிறார். கேமராவில் விழாத இந்தக் குறையை உங்கள் முறை எப்படிப் பிடிக்கும்?

ராமமூர்த்தி நகர்வாசி:
அதற்கு வேண்டியது ஒழுங்கான கண் பரிசோதனை, ‘எட்டு’ அல்ல. சான்று தரும் மருத்துவர் அந்தப் பலகையை உங்களை வாய்விட்டுப் படிக்கச் சொன்னாலே போதும் என்றால், நான் உங்கள் பக்கம். அதுவரை இரவில் மெட்ரோவில் போய் வாருங்கள் ஐயா.