அப்பாட காது: மட்டக்களப்பு, கல்முனை ஆக்கள் கொஞ்சம் சொல்லுங்க

எங்கட அப்பா செங்கலடிப் பக்கம் அரிசி ஆலையில 30 வருசம் மெசின் ஓட்டினவர். இப்ப பேத்தி "சோறு" எண்டா, "ஆரு?" எண்டு வாசலைப் பாக்கிறார். மாடு கத்தினா கேக்கும். 'ச', 'த' தான் விழுகுதில்ல.

டொக்டர் படம் காட்டினவர்: உட்காதில நத்தை ஓடு மாதிரி இரண்டரைச் சுற்றுச் சுருள். கீச்சுச் சத்தம் பிடிக்கிற மயிர்க்கலங்கள் அதிட வாசலடியில இருக்குது. இரைச்சலுக்கு முதல்ல சாகிறதும் அந்தப் பக்கத்துக் கலங்கள்தான். திரும்ப முளைக்காது. அதுக்குப் பிறகுதான் அம்மா எண்ணெய் விடுறத நிப்பாட்டினவ.

கேள்திறன் சோதனை எங்க ஒழுங்காச் செய்யலாம்? செவிப்புலக் கருவி பாவிக்கிறவங்க, வேர்வைக்கும் கடற்காத்துக்கும் அது தாங்குதா? ரெண்டு காதுக்கும் போடணுமா? விலையும் சொன்னா நல்லம்.

அப்பாட்ட இன்னும் சொல்லல்ல. "நான் என்ன செவிடா?" எண்டு சண்டைக்கு வருவார்.