காய்ந்த குளத்து மண்ணில் மொய்னா முட்டை: பொரிக்க வைப்பது எப்படி?

மண்முனை மீன்தொட்டி:
ஆவணியில வயலோரக் குளமெல்லாம் வெடிச்சுக் கிடக்கு. மாரி தொடங்கி ஒரு கிழமைக்குள்ள அதே குளத்துல மொய்னா (மீன்குஞ்சு தின்னுற சின்ன நீர்ப்பூச்சி) துள்ளுது. இப்பவே மண் எடுத்துப் பொரிக்க வைக்கலாமா? வாளியில மண்ணைப் போட்டுத் தண்ணி விட்டா நாத்தம் மட்டும்தான் வருது. கப்பி மீன் குஞ்சுக்குத் தீனி வேணும்.

குளக்கட்டு:
வைக்கலாம் தம்பி. தீனி தாராளமா இருக்கிற வரைக்கும் பெண் பூச்சி ஆண் இல்லாமலே குஞ்சு போடும். தண்ணி வத்தி நெருக்கம் கூடினாத்தான் ஆண் பிறக்கும். அந்த ஆணோட இணைஞ்சு வாற முட்டை, தாயின்ட முதுகு ஓட்டிலயே தடிச்ச கறுப்பு உறைக்குள்ள அடைபட்டு, ஓடு கழரக்குள்ள சேர்ந்து விழும். மொய்னாவுக்குச் சொந்தமான டாப்னியாப் பூச்சியின்ட உறையில வழமையா இரண்டு முட்டை, மொய்னாவில ஒன்றோ இரண்டோ. கரு தொடக்கத்திலயே வளர்ச்சியை நிப்பாட்டிப் போடும். வெயிலும் தாங்கும், தாராவின்ட குடலையும் தாண்டும். அமெரிக்காவில மினசோட்டா ஏரிச் சேற்றில இருந்த, ஏறத்தாழ 700 வருசப் பழைய டாப்னியா முட்டையைப் பொரிக்க வச்சதா 2014இல ஆய்வு வந்தது.

உங்கட பிழை வாளி. அடி மண்ணுக்கு வெளிச்சமும் இல்லை, ஒட்சிசனும் இல்லை. முட்டை முழிக்காது, சருகுதான் அழுகும். கடைசியாத் தண்ணி நிண்ட பள்ளத்துல மேல் 2 சென்ரிமீற்றர் மண்ணை மட்டும் சுரண்டுங்க. மருந்தடிச்ச வயல் வாய்க்கால் மண் வேணாம். அகலமான பேசினில அரை சென்ரிமீற்றர் பரப்பி, 10 சென்ரிமீற்றர் உயரத்துக்கு மழைத்தண்ணி விட்டு, நேர் வெயில் படாத வெளிச்சத்துல வைங்க. கடற்கரைப் பக்கத்துக் கிணறெண்டா முதல்ல நாக்கில வச்சுப் பாருங்க; உப்புக் கரிச்சா பொரிக்கிறது குறையும். குழாய்த் தண்ணியை ஒரு நாள் திறந்து வச்சுட்டு விடுங்க.

மூணாம் நாள்ல இருந்து டோர்ச் அடிச்சுப் பாருங்க. வெள்ளைப் புள்ளி விட்டுவிட்டுத் துள்ளினா அதுதான். உடனே உறிஞ்சி வேற பேசினுக்கு மாத்துங்க. மண்ணோட விட்டா வேற பூச்சி தின்னு முடிச்சுப் போடும். தீனிக்குப் பாசியால பச்சையான தண்ணி நல்லம். ஈஸ்ட் எண்டா தண்ணி லேசா மங்குற அளவு, தெளிஞ்ச பிறகுதான் அடுத்தது.

நாவற்குடா:
பேசினில மண்ணே வேணாமெண்டா 200 கிராம் சீனியை 200 மில்லிலீற்றர் தண்ணியில கரைச்சு, துணியில அலசின வண்டலை அதில கலக்குங்க. மணல் தாழும், முட்டை உறை மிதக்கும். சில நிமிசத்துக்குள்ள அள்ளி நல்லாக் கழுவணும். கூட நேரம் கிடந்தா சீனிக்கரைசல் முட்டையில இருக்கிற தண்ணியை இழுக்கும்.

மண்முனை மீன்தொட்டி:
ஒரேயடியா எல்லாம் பொரிக்குமா அண்ணன்?

குளக்கட்டு:
பொரிக்காது. சித்திரையில ஒரு மழை பெய்து ரெண்டு கிழமையில குளம் திரும்பக் காய்ஞ்சா, முழுக்கப் பொரிச்ச இனம் அதோட அழிஞ்சிரும். அதால ஒரு பங்குதான் முழிக்கும். மண்ணைக் கொட்டாம நிழல்ல காயவச்சு, கடதாசிப் பையில வைங்க. பொலித்தீன்ல ஈரம் நிண்டா பூஞ்சணம் பிடிக்கும். ஒரு மாதம் போக திரும்ப நனைச்சுப் பாருங்க.