கழற்றி மாட்டுகிற கட்டில், மேசை: உங்கள் அனுபவம் என்ன?

திருப்பூரிலிருந்து:

இங்கே பனியன் கம்பெனி வேலைக்கு வருகிறவர்களில் நிறையப் பேர் லைன் வீட்டில்தான் இருக்கிறார்கள். வாடகை ஏறினாலோ பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் மாறினாலோ வீட்டை மாற்றிவிடுவார்கள். மாடிப்படி ஒரு ஆள் அகலம்தான், முழுக் கட்டில் ஏறவே ஏறாது. அதனால் என் தச்சுப் பட்டறையில் கட்டில் என்றாலே கழற்றி மாட்டுகிற கட்டில்தான்.

போன மாதம் ஒரு அக்கா வந்து, "கட்டில் ஆடுதுங்க, கொஞ்சம் பாருங்க" என்றார். கடையில் வாங்கிய பார்ட்டிகிள் போர்டு கட்டில், அதாவது மரத்தூளைப் பசை போட்டு அழுத்திச் செய்த பலகை. ஸ்குரூவைத் திருப்பினால் பிடிமானமே இல்லாமல் சுற்றுகிறது. துளையிலிருந்து தூள் தவிடு மாதிரி கொட்டுகிறது. உள்ளே ஏற்கெனவே யாரோ தீக்குச்சியை ஒடித்துச் செருகியிருந்தார்கள். முதல் தடவை மாட்டியபோது கெட்டியாகத்தான் நின்றிருக்கும். கழற்றுகிற ஒவ்வொரு தடவையும் ஸ்குரூ போர்டை அரித்துக்கொண்டுதான் வெளியே வரும். மாட்டுவதற்கு யோசித்தவர்கள் கழற்றுவதற்கு யோசிக்கவில்லை. எனக்கு அதுதான் ஆத்திரம்.

கழற்றுகிற இடத்தில் இரும்பு இரும்பைத்தான் கடிக்க வேண்டும். நான் சட்டத்துக்குள் குறுக்கே துளை போட்டு உருளை நட்டு, அதாவது நடுவில் மறை வெட்டிய இரும்பு உருளை, இறக்குவேன். காலின் வெளிப்பக்கத்திலிருந்து 6 எம்எம் போல்ட் போய் அதில் ஏறும். போல்ட்டுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு மர முளை. இழுத்துப் பிடிப்பது போல்ட்டின் வேலை, சட்டம் திரும்பாமல் நிறுத்துவது முளையின் வேலை. முளையைச் சட்டத்தில் மட்டும் ஃபெவிகால் வைத்து ஒட்ட வேண்டும், கால் பக்கம் பசை படவே கூடாது.

எல்லா போல்ட்டும் ஒரே அளவு, முடுக்குகிற ஆறுபட்டைச் சாவியும் (அல்லன் கீ) ஒன்றே. அந்தக் கீயைச் சட்டத்தின் உள்பக்கத்திலேயே மாட்டிக் கொடுத்துவிடுகிறேன். சாமான் ஏற்ற குட்டியானை வண்டி வாசலில் நிற்கும்போது கீயைத் தேட முடியாது. அப்புறம், எந்தக் காலுக்கு எந்தச் சட்டம் என்று உளியால் கோடு வெட்டிவிடுவேன். ஒரு கோட்டுக்கு ஒரு கோடு, இரண்டுக்கு இரண்டு. இது எங்கள் ஆசாரி சொல்லிக்கொடுத்தது. பேனாவில் எழுதினால் அழிந்துபோகும்.

பொள்ளாச்சியிலிருந்து:

அண்ணா, எங்கள் சாளையில், அதாவது தோட்டத்து வீட்டில், இருக்கிற கயிற்றுக் கட்டிலைப் பார்த்தால் உங்களுக்குப் பிடிக்கும். நாலு கால், நாலு சட்டம், கயிறு. ஆணியும் இல்லை, பசையும் இல்லை. சட்டத்தின் நாக்கு காலில் இருக்கிற துளைக்குள் போய் உட்காரும், கயிற்றின் இழுப்புதான் மொத்தத்தையும் இறுக்கி வைத்திருக்கிறது. படுக்கப் படுக்கத் தொய்ந்தால் கால்மாட்டுக் கயிற்றை இழுத்துக் கட்டினால் போதும், சட்டமும் சேர்ந்து இறுகிவிடும். கயிறு இற்றுப்போனால் புதுக் கயிறு போடுவோம், மரம் அப்பா காலத்து மரம்தான்.

கோவையிலிருந்து:

நான் நாற்காலி செய்து பார்சல் லாரியில் வெளியூருக்கு அனுப்புகிறேன். வாடகையில் பாதி காற்றுக்குத்தான் போகிறது. இதற்கு அந்தக் காலத்திலேயே வழி கண்டவர் ஐரோப்பாவில் நாற்காலி செய்த மைக்கேல் தோனெட். 1859இல் வந்த அவருடைய 14ஆம் எண் நாற்காலிக்கு 6 மரத்துண்டு, 10 ஸ்குரூ, 2 நட்டு, அவ்வளவுதான். கழற்றி அடுக்கினால் ஒரு கன மீட்டர் பெட்டியில் 36 நாற்காலி. அதைப் படித்த பிறகுதான் நானும் கழற்றுகிற மாதிரி செய்ய ஆரம்பித்தேன். ஒரு சந்தேகம் அண்ணா: பட்டறையில் ஆடாமல் நிற்கிற மேசை, வாங்கினவர் வீட்டில் மாட்டினால் ஒரு கால் தூக்குகிறது. ஏனுங்க?

திருப்பூரிலிருந்து:

தரையில் மேடு பள்ளம் இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். தரை சரி என்றால், ஒரு மூலையை முழுக்க முடுக்கிவிட்டு அடுத்ததுக்குப் போயிருப்பார்கள். எல்லா போல்ட்டையும் முதலில் கையால் பாதி ஏற்ற வேண்டும். நிமிர்த்தி வைத்து, மூலைக்கு மூலை டேப் பிடித்தால் இரண்டு அளவும் ஒன்றாக வர வேண்டும். அப்புறம்தான் கீ போட்டு, எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்க வேண்டும். இதைப் படம் போட்டு மேசைப் பலகையின் அடியிலேயே ஒட்டிவிடுங்கள், தனிக் காகிதமாகக் கொடுத்தால் பெட்டியோடு போய்விடும்.