கேம் கன்சோலில் வீடியோ பார்த்த அனுபவங்கள்: அந்த முக்கோணப் பொத்தான்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:
டிவிடி பிளேயர் பழுதான பிறகு எங்கள் வீட்டில் எல்லாப் படங்களுக்கும் பிளேஸ்டேஷன் 3 தான். கோபாலபுரம் சோதனைச் சாவடிக்கு அப்பாலிருந்து அம்மாயி ஓர் இரவு தங்க வந்திருந்தார். மாமாவின் கல்யாண வீடியோவில், காலமாகிவிட்ட தன் தம்பி பந்தி பரிமாறுவதை ஒரு முறை பார்க்க வேண்டும் என்றார். எம்பி4 கோப்பைப் பென்டிரைவில் ஏற்றிச் செருகினேன். தலைப்புகள் எவையும் இல்லை என்ற ஆங்கில வரி மட்டுமே வந்தது. கழற்றிக் கணினியில் பார்த்தால் கோப்பு இருக்கிறது, மீண்டும் செருகினால் அதே வரி. அம்மாயி கண்ணாடியை முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டு, அலையலையாக அசையும் அந்த வெற்றுத் திரையையே ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "விடு சாமி, அடுத்த தடவ வரும்போது பாத்துக்கறேன்" என்று சொல்லிப் படுத்துவிட்டார். அடுத்த தடவை அமையவில்லை. ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் 'வீடியோ' என்று பெயரிட்ட ஃபோல்டரை மட்டுமே அது தானாகத் தேடும் என்பதும், முக்கோணப் பொத்தானை அழுத்தி அனைத்தையும் காட்டச் சொன்னால் போதும் என்பதும் அவர் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தன.

நகரியிலிருந்து:
எங்களுடையது பிளேஸ்டேஷன் 2. சித்தப்பா அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்தது. தறியை நிறுத்திவிட்டுத் தெருவே வந்து அமர்ந்திருந்தபோது, சென்னையில் வாங்கிய டிவிடியை அது ஏற்க மறுத்துவிட்டது. டிவிடிகள் நாடுவாரியாக மண்டலம் பிரிக்கப்பட்டவை, மண்டலம் பொருந்தாவிட்டால் ஓடாது. வட்டு இந்தியாவுக்குரிய 5-ஆம் மண்டலம், கன்சோல் அமெரிக்காவுக்குரிய 1-ஆம் மண்டலம். அப்பா எழுந்து சென்று தறியை மறுபடி ஓட்டிய சத்தம் இன்றும் என் காதில் இருக்கிறது.

களியக்காவிளையிலிருந்து:
முதலில் எழுதியவர் முக்கோணப் பொத்தானையே முழுத் தீர்வாக எண்ணுவது சரியன்று. அதே கல்யாண வீடியோ, பிளேஸ்டேஷன் 3 ஏற்காத எம்கேவி வகைக் கோப்பாக இருந்திருந்தால் எந்தப் பொத்தானும் உதவியிருக்காது. பென்டிரைவில் கோப்புகளை அடுக்கிவைக்கும் முறைகள் பல உண்டு; பிளேஸ்டேஷன் 3 அவற்றில் ஃபேட்32 வடிவத்தை மட்டுமே படிக்கும். அந்த வடிவத்தில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு ஏறாது. என்டிஎஃப்எஸ் என்ற வேறு வடிவத்துக்கு மாற்றினால் டிரைவே தெரியாது. ஆகவே கணினியிலுள்ள வீடியோவை வீட்டு நெட்வொர்க் வழியாகக் கன்சோலுக்குத் தரும் டிஎல்என்ஏ சர்வர் மென்பொருள் ஒன்றை நிறுவி, லேன் கேபிள் வழியாக அனுப்புங்கள். வைஃபையில் பெரிய கோப்புகள் நின்று நின்று ஓடும். பிளேஸ்டேஷன் 4 வைத்திருப்பவர்களுக்கு 2015 ஜூனில் மீடியா பிளேயர் செயலி வந்தது; அது பெரிய கோப்புகள் ஏறும் எக்ஸ்ஃபேட் வடிவத்தையும் எம்கேவியையும் ஏற்கும், ஆனால் அந்தக் கன்சோலில் ஆடியோ சிடி ஓடாது. வீடியோ பார்க்க இன்று பலரும் பயன்படுத்தும் 'கோடி' (Kodi) என்ற மென்பொருளே, மைக்ரோசாஃப்டின் பழைய எக்ஸ்பாக்ஸ் கேம் கன்சோலுக்காக எழுதப்பட்ட பிளேயரிலிருந்து வளர்ந்ததுதான். 2014 வரை அதன் பெயர் எக்ஸ்பிஎம்சி. என் சொந்த அனுபவம் சிறியது: மகளின் அரங்கேற்ற வீடியோவை 3 துண்டுகளாக வெட்டி ஏற்றினேன், ஒரு வெட்டு சரியாகத் தில்லானாவின் நடுவில் விழுந்துவிட்டது.

நகரியிலிருந்து:
ஐயா, நீங்கள் சொல்லும் விவரங்கள் பயனுள்ளவை. ஆயினும் அவருடைய கோப்பு எம்பி4 என்று அவரே எழுதியிருக்கிறார். அன்றைக்கு அவருக்குத் தேவைப்பட்டது அந்தப் பொத்தான் மட்டும்தான். தம்பி, அந்த வீடியோவைப் பிறகு பார்த்தீர்களா?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:
பார்த்தோம் அண்ணா. பதினாறாம் நாள் காரியம் முடிந்த இரவு அம்மாவை உட்காரவைத்துப் போட்டேன். சின்னத் தாத்தா சாம்பார் வாளியோடு வரிசையில் குனிந்து குனிந்து வருகிறார். கடைசி இலையில் அமர்ந்திருப்பது அம்மாயி. அவருக்கு மட்டும் இரண்டு கரண்டி ஊற்றுகிறார்.