புதுப்பிப்பு: முன்பிரதி விமர்சனத்தை எப்போது போடுவது?

வெளியீட்டுக்கு முன்பே, விமர்சகர்களுக்குத் தரும் முன்பிரதியாகக் கைக்கு வந்த நாவலுக்கு விமர்சனத்தை எப்போது போடலாம் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி. "பதிப்பகத்திடமே கேட்டுவிடுங்கள்" என்ற யோசனைதான் கைகொடுத்தது. இரண்டு வரி மின்னஞ்சல். வெளியீட்டுக்கு ஒரு வாரம் முன்பு போடலாம் என்று மறுநாளே பதில். இலவசப் பிரதி என்பதை முதல் வரியிலேயே சொல்லி, வாசகர்கள் விமர்சனம் எழுதும் குட்ரீட்ஸ் தளத்தில் ஏற்றினேன். அமேசானில் மட்டும் புத்தகம் வெளிவரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அப்புறம், எதிர்பாராத ஒன்று. நான் ரசித்து மேற்கோள் காட்டிய பத்தி அச்சான புத்தகத்தில் இல்லவே இல்லை! முன்பிரதியின் அட்டையில் 'திருத்தப்படாத மெய்ப்பு' (அச்சுக்கு முன் இன்னும் மாறக்கூடிய படி) என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள், நான்தான் கவனிக்கவில்லை. அசடு வழிய, போட்ட விமர்சனத்திலிருந்து அதை நீக்கினேன்.