எம்போலைசேஷன்: தக்கையா, தகைப்பா, அடைப்பா?

அன்பர்களே,

இருமும்போது இரத்தம் வருபவர்களுக்கான ஒப்புதல் கையேடு ஒன்றைத் தமிழில் எழுதுகிறேன். நாளை மாலைக்குள் முடித்துத் தர வேண்டும். தொடைத் தமனி வழியாக மெல்லிய குழாயை நுழைத்து, கசிவுக்குக் காரணமான மூச்சுக்குழல் தமனியை அடைக்கிறார்கள். இதற்குத்தான் எம்போலைசேஷன் என்று பெயர். எந்தப் பொருளால் அடைப்பது என்று ஒப்பிடும் அட்டவணையில்தான் சிக்கிக்கொண்டேன். 'தக்கையடைப்பு' என்று போட்டிருக்கிறேன், போதுமா?
— ந.

ந.,
கிரேக்கத்தில் எம்போலோஸ் என்றால் ஆப்பு, செருகுகட்டை. போர்க்கப்பலின் முன்னால் நீட்டியிருக்கும் முட்டுமுனைக்கும் அதே சொல்தான். 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் மருத்துவர் விர்கோ அதை மருத்துவத்துக்கு எடுத்துக்கொண்டார். நம் 'தக்கை' அதற்கு இணை. ஆனால் தேவாரத்தில் தக்கை ஒரு தோற்கருவி. இரண்டுக்கும் வேர் ஒன்றா என்பது தனி ஆராய்ச்சி. தகைத்தல் என்றால் தடுத்து நிறுத்துதல். தகை, தக்கை, தகைவு எல்லாம் ஒரு குடும்பம் என்பேன். ஆகவே 'தகைப்பு'. தமனியும் வடசொல், அதையும் மாற்றுங்கள்.
— கு. வே.

ஐயா, தமனிக்குப் பதில் நாடி என்பீர்கள், அதுவும் வடசொல்தான். குருதிக்குழல் என்றால் சிரையும் அதில் வந்துவிடும். தமனி இருக்கட்டும்.

தக்கை ஏன் ஒத்துவராது என்று சொல்கிறேன். அட்டவணையில் உள்ளவற்றில் உலோகச் சுருள் மட்டும்தான் தக்கை மாதிரி. தமனியின் முன்பகுதியிலேயே அடைத்து உட்கார்ந்துவிடும். அதற்கு அப்பால் பக்கக் கிளைகள் வழியே இரத்தம் மீண்டும் வரலாம். அப்போது திரும்ப உள்ளே போக வழியும் இருக்காது. அதனால்தான் இந்த இடத்தில் சுருளை மட்டும் நம்பத் தயங்குகிறோம். ஜெலட்டின் பஞ்சு சில வாரங்களில் கரைந்து, தமனி திறந்துகொள்ளும். பாலிவினைல் ஆல்கஹால் துகள்கள் கரையாமல் தங்கும், உள்ளேபோய் அடைக்கும். பெரும்பாலும் 350 முதல் 500 மைக்ரான் அளவில் எடுப்போம். மிகச் சிறியதாக இருந்தால் நாளங்களுக்கிடையே உள்ள இணைப்புகள் வழியே நுரையீரல் நாளங்களுக்குள் போய்விடும், தண்டுவடத்துக்குப் போகும் கிளை அருகிலிருந்தால் இன்னும் ஆபத்து. சயனோஅக்ரிலேட் பசை இரத்தம் பட்ட நொடிகளில் இறுகும். கை பழகாதவர் செலுத்தினால், நுழைத்த குழாயின் நுனியே தமனியில் ஒட்டிக்கொள்ளலாம். பஞ்சும் துகளும் பசையும் தக்கையா? எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு சொல் வேண்டும்.
— ம. (மருத்துவர்)

'அடைப்பு' வேண்டாம். நோயாளி காதில் மாரடைப்பு என்றுதான் விழும். கிணற்றைத் தூர்ப்பது போல 'தூர்ப்பு' என்றால் என்ன?
— இரா.

தூர்வாருதல் என்றால் எல்லாருக்கும் தெரியும், தூர்ப்பு என்றால் அதன் எதிர்ப்பொருளா என்று யோசிப்பார்கள். ஒப்புதல் கேட்கிற இடத்தில் அகராதியைத் தேட வைக்கக் கூடாது. 'வேண்டுமென்றே செய்யும் அடைப்பு' என்று ஒரு வரி விளக்கினால் மாரடைப்புக் குழப்பம் போய்விடும்.
— ம.

அப்படியென்றால் ஜெலட்டினுக்காவது தமிழ் வேண்டாமா? 'ஊன்பசை' என்று நல்ல சொல் இருக்கிறது. விலங்கிலிருந்து வந்தது என்பதையும் மறைக்காது. உங்கள் ஜெலட்டின்தான் மறைக்கிறது.
— கு. வே.

இந்த ஒரு இடத்தில் ஐயா சொல்வது சரி. பன்றித் தோலிலிருந்து எடுக்கும் ஜெலட்டினும் பயன்படுகிறது, சிலருக்கு அது முக்கியம். ஆனால் அதே அட்டவணையில் இறுகி நிலைக்கும் 'பசை' ஒன்று இருக்கிறதே! கரைவதும் பசை, கரையாததும் பசை என்றால் எதற்குக் கையெழுத்துப் போட்டோம் என்றே தெரியாது.
— ம.

முடித்துக்கொள்கிறேன். தமனியடைப்பு சிகிச்சை, அடைபொருள், ஜெலட்டின் பஞ்சு (விலங்கிலிருந்து எடுப்பது, கரையும்), துகள், சுருள், ஒட்டுப்பசை (கரையாது). மூன்று பேர் சரி என்றிருக்கிறார்கள். பாலிவினைல் ஆல்கஹால் என்று படித்ததும் இது மதுவா என்று கேட்பார்கள், அதற்கு அடிக்குறிப்பு போடுகிறேன்.
— ந.

'சிகிச்சை' என்பதற்கு வல்லின மெய்யும் இடவில்லை, தமிழும் இடவில்லை. தமனியடைப்புச் சிகிச்சை என்றாவது எழுதுங்கள். தகைப்பை நான் கைவிடவில்லை, அடுத்த பதிப்பில் கேட்பேன்.
— கு. வே.