ஹெட்ஜிங்: ஆய்வெழுத்துக்கு ஒரு தமிழ்ச்சொல் வேண்டும்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

சமூக அறிவியல் மாணவர்களுக்கான வாசிப்பு, எழுத்துப் பயிற்சிக் கையேடு தமிழில் உருவாகிவருகிறது. கட்டுரைகளை ஆங்கிலத்தில் படித்துவிட்டுத் தமிழில் ஆய்வேடு எழுதும் சிங்கப்பூர் மாணவர்களுக்காகத்தான் முதலில் எழுதுகிறோம். கருதுகோள், தரவு, மேற்கோள் எல்லாவற்றுக்கும் நல்ல சொல் இருக்கிறது. ஹெட்ஜிங் என்ற இடத்தில் வந்து நிற்கிறோம்.

சான்று எவ்வளவு தாங்குமோ அவ்வளவு உறுதியோடு மட்டும் ஒன்றைச் சொல்வதுதான் ஹெட்ஜிங். ‘இதுவே காரணம்’ என்னாமல் ‘இதுவும் ஒரு காரணமாக இருக்கக்கூடும்’ என்பது. ‘இளையர்கள்’ என்னாமல் ‘நேர்காணலில் பங்கேற்ற இளையர்களில் பலர்’ என்பது. மொழியியலில் 1972இல் ஜார்ஜ் லேக்காஃப் எழுதிய கட்டுரையோடு இந்தச் சொல் பரவியது. வேலி என்று நேராகப் பெயர்த்தால் யாருக்கும் விளங்காது. நிதித்துறை ஹெட்ஜிங் வேறு. அது இழப்புக்கு முன்கூட்டியே காப்பு எடுத்துவைப்பது. அதற்கு வைக்கும் பெயர் இங்கே ஒட்டாது.

‘மழுப்பல்’, ‘பூசிமெழுகல்’ என்று இதை யாரும் எழுதிவிடக் கூடாது என்பதுதான் என் கவலை. மழுப்புகிறவர் தெரிந்ததை மறைக்கிறார். இங்கே எழுதுகிறவரோ தமக்குத் தெரிந்தது எதுவரை என்று வெளிப்படையாகக் கோடு போட்டுக் காட்டுகிறார்.

‘அளந்துரை’ என்று முன்வைக்கிறேன். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

-----

> ‘அளந்துரை’ என்று முன்வைக்கிறேன்.

வணக்கம் அம்மா. ‘அளந்து பேசு’ என்பதை வைத்துப் பார்த்தால் பொருத்தம்தான். ஆனால் ‘அவன் சும்மா அளக்கிறான்’, ‘ரொம்ப அளந்துவிடாதே’ என்று பேச்சில் வருவது நேர் எதிர்ப்பொருள். வகுப்பில் சொன்னதும் மாணவர்களுக்கு அதுதான் முதலில் நினைவுக்கு வரும். அந்தச் சொல் வேண்டாம் என்பது என் கருத்து.

‘ஐயச்சொல்’ என்பதையும் எண்ணிப்பார்த்தேன். நம் இலக்கணத்தில் இதற்கு இடம் உண்டு. கொல் என்னும் இடைச்சொல்லுக்கு ஐயம்தான் பொருள் என்கிறது தொல்காப்பியம். உம்முக்குச் சொல்லும் எட்டுப் பொருளில் ஐயமும் ஒன்று. ஆனாலும் ஐயம் மனத்தைப் பற்றியது, ஹெட்ஜிங் சான்றைப் பற்றியது. 20 பேரை நேர்கண்ட ஆய்வாளருக்குத் தம் முடிவில் துளியும் ஐயம் இல்லாமல் இருக்கலாம். அப்போதும் 20 பேரைப் பற்றித்தான் அவர் பேச முடியும்.

‘எனக்குத் தெரிந்தமட்டில்’ என்று நாள்தோறும் சொல்கிறோமே, அதுவே ஹெட்ஜிங்தான். மட்டு என்றால் அளவு, எல்லை. ‘மட்டற்ற மகிழ்ச்சி’யில் இருப்பதும் அந்த மட்டுதான். ஆகவே ‘மட்டுரை’ எனலாம்.

இந்தச் சொல் அவசரமாகத் தேவைப்படுவதற்கு இன்னொரு காரணம் உண்டு. நம் பிள்ளைகள் உயர்நிலைப் பள்ளியிலும் தொடக்கக் கல்லூரியிலும் பழகும் கட்டுரை நடை இதற்கு எதிர்த்திசையில் போகிறது. ‘என்றால் அது மிகையாகாது’, ‘என்பதில் எள்ளளவும் ஐயமில்லை’, ‘உள்ளங்கை நெல்லிக்கனி’, ‘வெள்ளிடை மலை’ எல்லாம் உறுதியை ஏற்றும் தொடர்கள். பள்ளிக் கட்டுரையில் அவை அழகு. ஆய்வேட்டில் சான்று இருக்கவேண்டிய இடத்தில் அவை வந்து உட்கார்ந்துகொள்கின்றன. ‘மிகையாகாது’ என்று வரும் வாக்கியங்களைத் தேடிப் பாருங்கள், பெரும்பாலும் அங்கே மேற்கோள் எதுவும் இருக்காது.

-----

> ஆகவே ‘மட்டுரை’ எனலாம்.

ஐயா, மட்டு எனக்கும் பிடித்திருக்கிறது. ‘உரை’தான் இடறுகிறது. முன்னுரை, அணிந்துரை, முடிவுரை என்ற வரிசையில் மட்டுரையையும் வைத்து, அது ஆய்வேட்டின் ஒரு பகுதி, தனித் தலைப்புப் போட்டு எழுதவேண்டும் என்று மாணவர்கள் எண்ணிவிடுவார்கள். மட்டுறுத்தல் என்றும் சொல்ல முடியாது. நம் குழுவிலேயே அது மடல்களைச் சரிபார்த்து அனுமதிக்கும் வேலைக்குப் பெயர். அதனால் செயலுக்கு ‘மட்டிடல்’, அதைச் செய்யும் சொல்லுக்கு ‘மட்டுச்சொல்’. இன்னொரு வசதியும் கிடைக்கிறது: சான்றை மீறிப் போகும் வாக்கியத்தை ‘மட்டற்ற கூற்று’ எனலாம். ‘இது மட்டற்ற கூற்று’ என்று திருத்தும்போது ஓரத்தில் எழுதினால் போதும், மாணவருக்குப் புரிந்துவிடும்.

கையேட்டில் வைக்க ஓர் எடுத்துக்காட்டு. மாணவர் எழுதக்கூடிய வாக்கியம்:

‘சிங்கப்பூரில் மக்கள் தாய்மொழியைக் கைவிட்டு வீட்டில் ஆங்கிலத்துக்கு மாறிவிட்டதை 2020 கணக்கெடுப்பு உறுதிப்படுத்துகிறது.’

கணக்கெடுப்பு சொல்வது என்ன? 5 வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூர்வாசிகளில், வீட்டில் மிக அடிக்கடி ஆங்கிலம் பேசுவோர் 2010இல் 32.3 விழுக்காடு, 2020இல் 48.3 விழுக்காடு. பாதியைக்கூடத் தொடவில்லை, ஆகவே வெறுமனே ‘மக்கள்’ என்பது நிற்காது. சிங்கப்பூர்வாசிகள் என்றால் குடிமக்களும் நிரந்தரவாசிகளும்; வேலை அனுமதிச் சீட்டில் இருக்கும் ஊழியர்கள் இதில் இல்லை. தமிழைப் பற்றி எழுதுகிறவர் இதை மறந்தால் ஊழியர் தங்குவிடுதிகளில் பேசப்படும் தமிழ் முழுவதும் விட்டுப்போகும். மொழி விவரம் ஒவ்வொரு வீட்டிலும் எடுத்ததல்ல, ஏறத்தாழ 150,000 குடும்பங்களின் மாதிரியிலிருந்து வந்தது. ஆங்கிலத்தை அதிகம் பேசுவோரிலும் ஏறத்தாழ 87 விழுக்காட்டினர் சீனம், மலாய், தமிழ் போன்ற இன்னொரு மொழியையும் வீட்டில் பேசுகிறார்கள். ‘கைவிட்டு’ என்ற சொல் அங்கேயே விழுந்துவிடுகிறது.

மட்டிட்ட பிறகு:

‘5 வயதும் அதற்கு மேலும் உள்ள குடிமக்கள், நிரந்தரவாசிகளிடையே வீட்டில் மிக அடிக்கடி ஆங்கிலம் பேசுவோர் 2010இல் 32.3 விழுக்காட்டிலிருந்து 2020இல் 48.3 விழுக்காட்டுக்கு உயர்ந்தனர். இவர்களில் பெரும்பாலோர் வேறொரு மொழியையும் வீட்டில் பேசுவதால், இதை மொழி இழப்பு என்பதைவிட முதன்மை மொழியின் மாற்றம் என்று கருத இடமுண்டு.’

எண் வரும் வாக்கியத்தில் ‘கூடும்’, ‘லாம்’ எதுவும் இல்லை. அங்கே யாரை எண்ணினார்கள் என்பதைச் சொல்வதே மட்டு. விளக்கம் தொடங்கும் இடத்தில்தான் ‘கருத இடமுண்டு’ வருகிறது. மாணவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: ‘48.3 விழுக்காடாக இருக்கலாம்’ என்று எண்ணில் தயங்கிவிட்டு, விளக்கத்தில் துணிந்து அடிக்கிறார்கள்.

-----

வணக்கம் அம்மா. மட்டிடல், மட்டுச்சொல், மட்டற்ற கூற்று மூன்றும் நன்று. உரையைப் பற்றி நீங்கள் சொன்னது சரி, மட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன்.

எழுத்துக்கு முன்பே, வாசிப்பில் மட்டிடலைத் தொடங்குங்கள். கட்டுரையின் விவாதப் பகுதியிலிருந்து 150 முதல் 200 சொல் வரும் ஒரு பத்தியை எடுக்கச் சொல்லுங்கள். செய்முறைப் பகுதியில் மட்டுச்சொல் குறைவாகத்தான் கிடைக்கும். முதலில் மட்டுச்சொற்களை எல்லாம் பென்சிலால் வட்டமிடட்டும். பிறகு பத்தியை மூடிவைத்துவிட்டு அதன் முதன்மைக் கூற்றைத் தமிழில் ஒரே வாக்கியமாக எழுதட்டும். அப்புறம் திறந்து, வட்டமிட்டவற்றில் எது தமிழுக்கு வந்துசேரவில்லை என்று ஒவ்வொன்றாகப் பார்க்கட்டும். சுருக்கும்போது முதலில் உதிர்வது மட்டுச்சொல்தான், ஏனென்றால் அதைச் செய்தியாக மாணவர் எண்ணுவதில்லை.

மொழிபெயர்ப்பில் மூன்று இடங்களைத் தனியாகக் குறிக்கவேண்டும். ‘சஜெஸ்ட்’ என்பதைப் ‘பரிந்துரைக்கிறது’ என்று எழுதிவிடுகிறார்கள். தரவு எதையும் பரிந்துரைக்காது. ‘தரவிலிருந்து இப்படிக் கருத இடமுண்டு’ என்பதே பொருள். ‘டெண்ட் டு’ என்பதற்கு ‘முனைகிறார்கள்’ என்றால் முயற்சி செய்கிறார்கள் என்றாகிவிடும், ‘பெரும்பாலும்’ போதும். ‘அஸோஸியேட்டட் வித்’ என்பது ‘தொடர்புடையது’தான். அது சப்பென்று இருப்பதாக நினைத்துக் ‘காரணம்’ என்று மாற்றுகிறார்கள், அதோடு ஆய்வின் முடிவே மாறிப்போகிறது.

தமிழுக்கே உரிய சிக்கலும் உண்டு. ‘-லாம்’ மூன்று வேலை செய்கிறது. ‘பெற்றோர் தமிழில் பேசலாம்’ என்பது அனுமதியா, யோசனையா, வாய்ப்பா? வாய்ப்பைத்தான் சொல்ல வருகிறோம் என்றால் ‘பேசக்கூடும்’ தெளிவு. ‘வந்தாராம்’ என்பதில் வரும் ‘-ஆம்’, கேட்டதைச் சொல்வதற்கு அருமையான உருபு. ஆனால் சொல்பவர் அதை நம்பவில்லை என்ற தொனியும் கூடவே வரும்; மேற்கோள் காட்டும்போது தவிர்க்கவேண்டும்.

ஒரு கூற்றுக்கு ஒரு மட்டுச்சொல். ‘இருக்கலாம் எனக் கருத வாய்ப்புள்ளதாகத் தோன்றுகிறது’ என்று நான்கை அடுக்கினால் கூற்றே கரைந்துவிடும். அதைத்தான் மழுப்பல் என்று கையேட்டில் போடுங்கள், அந்தச் சொல்லுக்கும் ஓர் இடம் கிடைக்கட்டும்.

எதிர்ப்பக்கச் சொல் ஒன்று மிச்சம் இருக்கிறது. ‘ஐயமில்லை’, ‘மிகையாகாது’ போன்றவற்றை ஆங்கிலத்தில் பூஸ்டர் என்கிறார்கள். ‘அழுத்தச்சொல்’ எனலாமா என்று பார்த்தேன். உச்சரிப்பில் வரும் அழுத்தத்தோடு குழம்பும். ‘உறுதியேற்றி’ என்றால் ஏதோ கருவியின் பெயர்போல் ஒலிக்கிறது. இதற்கு யாரிடமாவது நல்ல சொல் இருந்தால் இதே இழையில் எழுதுங்கள்.